ஜிம்மியின் மாத்திரையை யார் விழுங்கியது?

அப்பா, ஜூலையில் குளிர்காலம் வரும் இந்த நாட்டில் நான் போட்டுக்கொள்ளலாம் என்று உங்கள் கம்பளிச் சட்டையை எடுத்தேன். பையிலிருந்து ஒரு நீலக் கையுறை விழுந்தது. தனியே நின்று சிரித்தேன்.

எங்கள் நாய் ஜிம்மியின் தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் கட்டிகளைக் கண்டுபிடித்தது நீங்கள்தான். நிணநீர்ப் புற்றுநோய், ஆனால் மெதுவாக வளரும் வகை என்றார் மிருக வைத்தியர். முற்றாகக் குணமாகாது, வீட்டிலேயே கீமோ மாத்திரை கொடுத்து வந்தால் நல்ல நாட்கள் நிறையக் கிடைக்கும் என்றார். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள், "மெதுவா வாற வருத்தமெண்டால் நாங்களும் அவசரப்படாமல் பார்ப்பம்" என்றீர்கள்.

மாத்திரையை உடைக்கக் கூடாது, வெறுங்கையால் தொடக் கூடாது. ஜிம்மியோ சீஸுக்குள் ஒளித்தாலும் மாத்திரையை மட்டும் துப்பிவிடுவான். கிரவீன் ஊரிலுள்ள எங்கள் வீட்டுக் குசினியில் நீங்கள் நீலக் கையுறை போட்டுக்கொண்டு பிட்டையும் வாழைப்பழத்தையும் குழைத்து மூன்று உருண்டை பிடிப்பீர்கள். முதலாவது உங்களுக்கு, நீங்கள் விழுங்குவதைக் கண்டால்தான் அவன் நம்புவான். இரண்டாவது அவனுக்கு, வெறும் உருண்டை. மாத்திரை மூன்றாவதில்.

ஒரு சனிக்கிழமை காலை வானொலிச் செய்தியில் காதை வைத்தபடி உருட்டினீர்கள்.

"பிள்ளை, இஞ்ச வா. எதுக்குள்ள வைச்சனான் எண்டு தெரியேல்ல."

"நீங்கள் சாப்பிட்டிட்டீங்களோ?"

"நான் ஒண்டு, அவன் ரெண்டு. தட்டு காலி."

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். ஆனாலும் தெரியாதவர்களோடு தொலைபேசியில் பேசமாட்டேன். பீட்சா சொல்வதுகூட நீங்கள்தான், உங்கள் அரைகுறை ஆங்கிலத்தில். அன்று அந்த ஆங்கிலம் போதாது. நஞ்சு உதவி எண்ணை நானே அழுத்தினேன். அப்பா நாயின் கீமோ மாத்திரையை விழுங்கியிருக்கலாம் என்று ஒரே மூச்சில் சொன்னேன். மறுமுனையிலிருந்த தாதி முழுவதையும் திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு, வாந்தி வருகிறதா, வேறு ஏதாவது செய்கிறதா என்று கேட்டார்.

"பசிக்குதெண்டு சொல்லு!" என்று பின்னாலிருந்து கத்தினீர்கள்.

ஒரு மாத்திரைதானே, பெரிய ஆபத்தில்லை. குடும்ப வைத்தியரிடம் இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள் என்றார் தாதி. மிருக வைத்தியரையும் நான்தான் அழைத்தேன். ஜிம்மிக்கு அன்று திரும்பக் கொடுக்க வேண்டாம் என்றார் அவர். அடுத்த வாரம் உங்களுக்கும் அவனுக்கும் இரத்தப் பரிசோதனை. இரண்டிலும் ஒரு குறையும் இல்லை. யார் விழுங்கியது என்பது கடைசிவரை தெரியவில்லை. இரண்டு தாள்களையும் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினீர்கள்.

"ரெண்டு பேரும் பாஸ். எங்கட டிகிரிக்காரி போனில வாய் திறந்ததுதான் புதினம், பெரிய அதிசயம்!"

இரண்டு வருடம் கழித்து, தூக்கத்திலேயே உங்கள் இதயம் நின்றது. ஜிம்மியின் கட்டிகள் இன்றும் சிறிதாகவே இருக்கின்றன. உங்கள் இறுதிக் கிரியையில் யார் பேசுவது என்று கேட்டபோது நான் எழுந்தேன். இந்தக் கதையைத்தான் சொன்னேன். மண்டபமே சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை ஒலிவாங்கியைப் பிடித்தபடி காத்திருந்தேன். எனக்கு இன்னும் பேச இருந்தது.