நடக்காத ஞாயிற்றுக்கிழமைகள்

நேற்று வாக்குப் போட அந்த மண்டபத்துக்குப் போயிருந்தேன். நோர்பரியில் உன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற அதே தேவாலய மண்டபம்தான். நீ போன பிறகு அதற்குள் நான் காலெடுத்து வைத்ததில்லை. கதவைத் தள்ளியதும் மரத் தரைக்குப் பூசுகிற மெழுகின் மணமும் ஈரக் கோட்டுகளின் மணமும் ஒன்றாக முகத்தில் அடித்தன. வரிசையில் முன்னால் நின்றவர் நகர்ந்துவிட்டார், நான் நகரவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் எழுந்து வந்து, இருக்கக் கதிரை வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டி, எனக்குத் தந்த தாளில் எங்கேயோ ஒரு புள்ளடி போட்டுவிட்டு வெளியே வந்தேன். யாருக்குப் போட்டேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

உனக்கு நான் ஒருநாளும் கடிதம் எழுதியதில்லை. பத்து நிமிடத்தில் நடந்து வந்து சொல்லக்கூடியதை யார் எழுதுவார்கள்? இதையும் நீ வாசிக்கப் போவதில்லை. அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஜேர்மனியிலிருந்து பிள்ளைகளோடு இங்கே வந்த முதல் வருடம், பள்ளிக்கூட வாசலில் யாரோடும் பேசாமல் நின்றுவிட்டு வருவேன். நீ அந்தப் பள்ளிக்கூடத்திலேயே மதியச் சாப்பாடு பரிமாறுகிற வேலையில் இருந்தாய். முந்நூறு பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேலே கேட்கிற குரல் உனக்கு. கோடை விடுமுறைக்கு முன் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்குமாகப் பள்ளிக்கூடத்தில் ஒரு கிராமிய நடனம் வைத்தார்கள். சிவப்புத் தோள்பட்டி போட்ட வயதான வெள்ளைக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இப்போது கைகோருங்கள், இப்போது சுற்றுங்கள் என்று ஒவ்வோர் அடியையும் அது வருவதற்கு முன்பே சொல்லிச் சொல்லி ஆடவைத்தார். ஆடத் தெரியாதவர்களையும் ஆடவைப்பதுதான் அவருடைய தொழில். ஆனால் அவர் சொன்னது எங்கள் சனத்துக்குப் பிடிபடவில்லை. பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் சுவரோடு சுவராக நின்றன.

நீ ஏப்ரனோடு உள்ளே இருந்து வந்து, கைகளைத் துடைத்துக்கொண்டே கத்தினாய்.

"என்ன எல்லாரும் சுவரைத் தாங்கிக்கொண்டு நிக்கிறியள்? அது விழாது. வாங்கோ இஞ்சால. ஆளுக்காள் முதுகு பார்த்து ஒரு சுத்து, அவ்வளவுதான்."

அந்த மனிதர் சிரித்தார். அவர் ஒரு வரி சொல்ல, நீ தமிழில் ஒரு வரி சொன்னாய். மூன்றாவது ஆட்டத்தில் மைக்கை உன்னிடமே தந்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். முடிந்து வெளியே வந்தபோது, உனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டேன். நானும் நீயும் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"சோத்துக்கு லைனில விடுறமாதிரித்தானே," என்றாய்.

அடுத்த மாரியில் நீ தேவாலய மண்டபத்தை ஞாயிறு பின்னேரங்களுக்கு எடுத்தாய். இரண்டரையிலிருந்து நாலரை வரை. பாட்டுப் போடுவது என் வேலை. வயலினும் அக்கோடியனும் வருகிற வெள்ளைக்கார மெட்டுகள், நடுவில் நீ கைதட்டிச் சொல்லிக் கொடுக்கிற கும்மி. முன்பின் ஆடாதவர்கள் மட்டும் வரலாம் என்று துண்டுப் பிரசுரத்தில் எழுதச் சொன்னாய். தெரிந்தவர்கள் வந்தால் தெரியாதவர்கள் வெட்கப்படுவார்களாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு இடமும் வலமும் பிடிபடாது என்று நீ அந்தச் சொற்களையே விட்டுவிட்டாய். வலது உனக்குச் சாப்பிடுகிற கை. இடது மற்றக் கை. "சாப்பிடுற கையால பிடிச்சுச் சுத்துங்கோ. இனி மற்றக் கை." கரண்டியும் முள்ளும் பிடித்து வளர்ந்த ஒரு குட்டி, நான் இரண்டு கையாலும் சாப்பிடுகிறேனே என்று ஆங்கிலத்தில் முறையிட்டது. "அப்ப உனக்கு ரெண்டு கையும் சரி, நீ எப்பிடியும் சுத்தலாம்," என்று சொன்னாய். இரவு வேலை செய்துவிட்டு வந்து கதிரையில் தூங்கி விழுந்த தகப்பன்மாரை நீ ஒருநாளும் வற்புறுத்தவில்லை. அவர்களுடைய பிள்ளையை விட்டே கூப்பிட வைப்பாய். ஒருவர் அடி தவறி இன்னொருவர்மேல் மோதினால் நீ மைக்கில் சொல்வது எப்போதும் ஒன்றுதான். "பிழைச்சால் சிரிச்சுப்போட்டு ஆடுங்கோ. நிண்டால்தான் பிழை."

நாலு வருடம் அப்படிப் போயிற்று. சில ஞாயிறுகளில் ஐம்பது பேர். பிளேஸ்டோவிலிருந்துகூட ஒரு குடும்பம் இரண்டு ரயில் மாறி வந்துபோனது.

பிறகு ஒருநாள் நான் வேலை செய்கிற பலசரக்குக் கடைக்கு வந்து, வெங்காயத்தைக் காட்டிக் கத்தரிக்காய் ஒரு கிலோ போடச் சொன்னாய். நான் சிரித்தேன். அடுத்த கிழமை உன் மகளை உன் தங்கையின் பெயரால் கூப்பிட்டாய். "வாயில வேற சொல் வருதடி," என்றாய். நித்திரை காணாது உனக்கு என்றேன். எனக்கும் அன்றைக்கு ஷிப்ட் முடிகிற நேரம். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு வெளியே நல்ல மழை. நாற்பது பேர் பெரிய வட்டமாக நின்றார்கள். எல்லாரும் நடுவுக்கு வந்து, திரும்பப் பின்னால் போகிற இடம்.

"எல்லாரும் குடைக்கு வாங்கோ," என்றாய்.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். நீயும் சிரித்துக்கொண்டு இன்னொருமுறை சொன்னாய். "குடைக்கு. குடைக்கு வாங்கோ." ஒரு பொடியன் ஓடிப்போய் வாசலிலிருந்து குடையை எடுத்துவந்து வட்டத்தின் நடுவில் விரித்தான். சனம் முழுக்க அதை நோக்கி ஓடியது. பிழைத்தால் சிரிக்கவேண்டும் என்று நீ பழக்கிய சனம் அது. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நானும் சிரித்தேன். உன் முகத்தைப் பார்க்கும்வரை.

நீ மைக்கைக் கீழே இறக்கிவிட்டு என்னிடம் வந்தாய். "நான் என்ன சொன்னனான்?"

"பகிடி விட்டனிதானே," என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு மெதுவாக, "ஓம், பகிடி," என்றாய்.

உனக்கு நான் சொன்ன முதல் பொய் அது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் முடிவைச் சொன்ன அன்று நானும் கூட இருந்தேன். டொக்டர் பேசிய வேகம் உன் கணவருக்குப் பிடிபடவில்லை. வேன் ஓட்டிவிட்டு நேரே வந்திருந்தார், கையில் இன்னும் வேன் திறப்பு. உன் மகள்தான் மொழிபெயர்த்தாள். பதினைந்து வயது. வீட்டில் ஆங்கிலமே பேசுகிறவள், அவளுக்குத் தெரிந்த தமிழில் பாதி அந்த மண்டபத்தில் உன் வாயிலிருந்து கேட்டது.

"அப்பா, அம்மாட மூளையில... மற்றக் கைப் பக்கம் ஒரு கட்டி இருக்காம்."

நீ அவளுடைய கையை எடுத்து உன் மடியில் வைத்துக்கொண்டாய்.

சத்திர சிகிச்சைக்குப் பிறகு உன்னிடம் மிஞ்சியது ஓம் என்ற ஒரு சொல்லும், ஆட்டத்துக்கு நீ எண்ணுகிற ஒன்றிலிருந்து எட்டு வரையிலான எண்களும்தான். யோசிக்காமலே வருகிற எண்ணிக்கை சிலருக்கு அப்படித் தங்கிவிடும் என்று டொக்டர் சொன்னார். தண்ணீர் வேண்டுமென்றாலும், நோகிறதென்றாலும், "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று தொடங்குவாய். எட்டில் முடித்துவிட்டு, நாங்கள் விளங்கிக்கொண்டோமா என்று எங்கள் முகத்தைப் பார்ப்பாய். எங்களுக்கு விளங்கியதில்லை.

ஞாயிறு ஆட்டத்தை நான் நடத்துகிறேன் என்று உனக்கு வாக்குத் தந்தேன். நீ ஓம் என்றாய்.

எனக்கு ஏலவில்லை. நீ சொன்னதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்து வாசித்தேன். நான் வாசித்து முடிக்கும்போது பாட்டு அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும். தலையை நிமிர்த்தினால் எல்லாரும் நின்றுகொண்டிருப்பார்கள். யாரும் சிரிக்கவில்லை, பாவம் பார்த்தார்கள். "அந்த அன்ரி எப்ப வருவா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். பிறகு கடையில் சாமான் வாங்க வருகிற தாய்மார் ஒவ்வொருவராக, ஞாயிறில் இப்போது ரியூஷன், ஞாயிறில் இப்போது நீச்சல் என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள். ஐப்பசிக் கடைசியில் இரண்டு குடும்பங்கள் வந்தன. அதற்கடுத்த கிழமை நானும் மெழுகு மணமும் மட்டும். ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டி, திறப்பைத் தேவாலயத்தில் கொடுத்துவிட்டேன்.

அன்றைக்கு உன்னிடம் வந்தபோது நீ தலையணையில் சாய்ந்திருந்தாய். என்னைக் கண்டதும் இரண்டு விரலால் போர்வைமேல் தாளம் தட்டினாய். ஆட்டம் எப்படி என்று கேட்கிறாய்.

"நல்ல சனம்," என்றேன். "முப்பதுக்கு மேல."

உன் முகம் மலர்ந்தது. அதைக் கண்டபிறகு என்னால் நிறுத்த முடியவில்லை.

பதினொரு ஞாயிறு. இரண்டு மணிக்கு வீட்டிலிருந்து வெளிக்கிடுவேன், நேரம் பொருந்த வேண்டுமே. நோர்பரிப் பூங்காவில் ஒரு வாங்கில் உட்கார்ந்து, அன்றைக்கு யார் வந்தது, யார் எங்கே பிழைத்தது என்று கதை கட்டுவேன். குளிரில் விரல் விறைக்கும். ஐந்து மணிக்கு உன் வீட்டு மணியை அடிப்பேன். முழங்கால் நோவென்று எப்போதும் தப்பித்துக்கொள்கிற அந்த வங்கிக்காரரைக் கும்மியில் சேர்த்துவிட்டேன் என்பேன். பிளேஸ்டோக் குடும்பத்துக்குக் குழந்தை பிறந்து, அதைத் தோளில் கட்டிக்கொண்டு தாய் ஆடினாள் என்பேன். உன் கணவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அவரும் எதுவும் சொன்னதில்லை. நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். சில இடங்களில் சிரிப்பாய். கடைசி இரண்டு கிழமை எண்களும் போய்விட்டன. அப்போதும் சிரித்தாய்.

மாசியில் நீ போனாய்.

முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்து சனம் கலைந்தபிறகு, உன் குசினியில் நானும் உன் மகளும் பாத்திரம் கழுவினோம். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அன்ரி, அம்மாக்குத் தெரியும்."

"என்னம்மா தெரியும்?"

"ஹோல் இல்லை எண்டு. புக்கிங் அம்மாட பேரிலதானே. கான்சல் பண்ணின ஈமெயில் அம்மாக்குத்தான் வந்தது. நான்தான் வாசிச்சனான். சொறி, அன்ரி."

என் கையிலிருந்த கோப்பையைத் தொட்டியில் வைத்தேன். எப்போது என்று கேட்டேன்.

"முதல் கிழமையே. நீங்கள் திறப்பைக் குடுத்த அடுத்த நாள்."

"அழுதவவா?"

"ஓம். கன நேரம். பிறகு ஒவ்வொரு சண்டேயும் நீங்கள் பெல் அடிக்கேக்குள்ள, முகத்தைத் துடைச்சு விடச் சொல்லிக் கை காட்டுவா. நான் துடைச்சுவிட்டுட்டுத்தான் கதவு திறக்கிறனான்."

அவள் குழாயைத் திறந்து அடுத்த கோப்பையைக் கழுவினாள். மேலே கேட்க எனக்குத் தைரியமில்லை.

உன்னை ஆறுதல்படுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு படியேறி வந்தவள் நான். பேச ஒரு சொல் இல்லாமல் கிடந்த உன்னிடம், என்னை ஆறுதல்படுத்துகிற வேலையையும் அல்லவா தந்திருக்கிறேன்? ஒருமுறையாவது உன் கட்டிலில் உட்கார்ந்து, எல்லாம் முடிந்துவிட்டது, எனக்கு ஏலவில்லை என்று உண்மையைச் சொல்லியிருந்தால், இருவரும் சேர்ந்து அழுதிருக்கலாம். அந்த அழுகையை நான் உனக்குத் தராமல் விட்டுவிட்டேன். நீ அதை மகளோடு அழுது முடித்து, முகம் துடைத்து எனக்காகக் காத்திருந்தாய். இல்லை, நான் சொன்ன ஆட்டத்தை உண்மையிலேயே கண்ணுக்குள் பார்த்துத்தான் சிரித்தாயா? அப்படி நம்ப எனக்கு ஆசை. இரண்டு வருடமாக முயல்கிறேன், முடியவில்லை.

போன மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு, கோடைச் சந்தைக்கு ஆட்டம் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார்கள். ஏலாது என்றேன். வேறு யாரைக் கேட்கலாம் என்றார்கள். எனக்கு ஒருவரையும் தெரியவில்லை.

உன்னுடைய நாலு வருட ஞாயிறுகள் என்னிடமிருந்து கழன்றுகொண்டு போகின்றன. எந்த ஆட்டம் எதற்குப் பிறகு வந்தது, நீ அந்த நீலச் சேலையை எந்த மாரியில் கட்டினாய், ஒன்றும் சரியாக நினைவில்லை. நான் பூங்காவில் உட்கார்ந்து கட்டிய பதினொன்றும் அப்படியே இருக்கின்றன. யார் யாரோடு கைகோர்த்தது, எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் விழுந்தது, வங்கிக்காரர் எத்தனை சுற்றுத் தாக்குப்பிடித்தது, எல்லாம் தெளிவாக இருக்கின்றன. அந்த ஆட்டங்களுக்கு வந்தவர்கள் நாம் இருவர்தான். இப்போது நான் மட்டும்.