பூந்தொட்டி மண்

அபர்டீன்,
ஸ்காட்லாந்து,
1911 ஏப்ரல் 6.

என் கழுத்தில் தாலி கட்டிய மாமாவுக்கு ராமலட்சுமி வணங்கி எழுதிக்கொள்வது. நான் சுகம். நீங்களும் நம் மகள் புஷ்பமும் சுகமாக இருக்கக் கதிர்காமத்தான் துணை இருப்பான்.

உங்கள் கடைசிக் கடிதம் வந்து இங்கே பனியும் உருகிவிட்டது. அதில் பாதி மழை, மீதி தேயிலைக் கொழுந்து. துரைக்கு எழுதும் ரிப்போர்ட்டைக் கை தவறி எனக்கு அனுப்பிவிட்டீர்களோ என்று நினைத்தேன். கணக்கப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டால் இப்படித்தான் போலிருக்கிறது.

மாமா, துரையின் மகள் எல்ஸிக்கு ஆயாவாக நான் கப்பல் ஏறி ஒரு வருஷம் தாண்டிவிட்டது. பண்டாரவளை ஸ்டேஷனில் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஒரே வருசந்தான் புள்ள. அடுத்த திருவிழாவுக்கு நீ பால்கொடம் எடுப்ப." மாரியம்மன் திருவிழாவும் முடிந்து பந்தலையும் பிரித்திருப்பீர்கள். நான் இன்னும் இங்கே குளிரில் விறைத்துக்கொண்டு நிற்கிறேன். துரையைக் கேட்டால் துரைசாணியைக் கேள் என்கிறார். துரைசாணியைக் கேட்டால் தலைவலி என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

எல்ஸி நல்ல பிள்ளை. என் பின்னலைக் கையில் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். என்னோடு தமிழ்தான் பேசுவாள். ஆனாலும் அவளுக்கு ஊட்டும்போதெல்லாம், என் பிள்ளைக்கு யார் ஊட்டுகிறார்களோ என்று நினைத்துக்கொள்கிறேன்.

உறையின் மேல் உங்கள் பெயரை எழுதுவது அவள்தான். துரை முன்பு எழுதிய உறையைப் பார்த்து எழுத்துக் கூட்டி எழுதுகிறாள். "ஏன் ஆயா, நீங்க எழுத மாட்டீங்களா?" என்று கேட்டாள். புருஷன் பெயரை நாங்கள் சொல்லவும் மாட்டோம், எழுதவும் மாட்டோம், அவர் ஆயுசு குறையும் என்றேன். அன்றிலிருந்து அவளும் உங்கள் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை. உங்கள் ஆயுசின் மேல் அவளுக்கு அத்தனை அக்கறை.

நீங்கள் உங்கள் கைப்படத் துரைக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள். ஆகஸ்ட் மாதக் கப்பலில் என்னை ஏற்றிவிடச் சொல்லுங்கள். உங்கள் பேச்சை அவர் தட்டமாட்டார். புஷ்பத்துக்கு என் முத்தங்கள்.

உங்கள்
ராமலட்சுமி


தெமோதரை மேல்தோட்டம்,
இலங்கை,
1911 மே 14.

அன்பும் பொறுமையும் நிறைந்த என் பாரியாள் ராமலட்சுமிக்கு ஆசீர்வாதம்.

இங்கு அனைவரும் க்ஷேமம். உன் கடிதம் கிடைத்தது. மழையைப் பற்றி எழுதக் கூடாது என்று கட்டளை போட்டுவிட்டாய், ஆனாலும் மழை நிற்கவில்லை, நான் என்ன செய்ய? பதுளை ரோட்டில் மண் சரிந்து, அரிசி வண்டிகள் எல்லாம் வழியில் நின்றுவிட்டன.

புஷ்பம் நன்றாக வளர்கிறாள். பக்கத்து வீட்டு ஜெயலெட்சுமி அக்காதான் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, எல்லாம் பார்க்கிறாள். அவளையே அம்மா என்று கூப்பிடப் பழகிவிட்டாள். குழந்தைதானே, நீ வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

ஒரு நல்ல சமாசாரம். என்னைப் பெரிய கணக்கப்பிள்ளை ஆக்கிவிட்டார்கள். துரை அங்கிருந்தே சின்னத்துரைக்கு உத்தரவு எழுதியிருந்தார். காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களை எண்ணி வேலைக்குப் பிரித்துவிடுவது இனி என் பொறுப்பு. புதிதாக ஒரு கறுப்புக் கோட்டும் தைத்துக்கொண்டேன். என் அப்பா இருந்து பார்த்திருந்தால் அழுதிருப்பார். உன் அதிர்ஷ்டம்தான் எனக்கு இந்த உத்தியோகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

துரைக்கு நீ சொன்னபடி எழுதுகிறேன். ஆனால் அவரை நெருக்காதே. பொறுத்தார் பூமி ஆள்வார். அவர்கள் மனம் கோணாமல் நடந்துகொண்டால் அவர்களே உன்னைக் கப்பல் ஏற்றுவார்கள். குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்டுக்கொள்.

இப்படிக்கு உன் அன்பு மறவாத,
முருகையா


அபர்டீன்,
1911 செப்டம்பர் 10.

மாமாவுக்கு,

க்ஷேமத்தை முதலில் எழுத இந்தத் தடவை எனக்குக் கை வரவில்லை. நான் ஒரு ராத்திரி பொலிஸ் காவலில் இருந்துவிட்டு வந்தேன். யாரும் அடிக்கவில்லை. டீ கூடக் கொடுத்தார்கள், நம் தோட்டத்து டீயாகவும் இருக்கலாம்.

ஆகஸ்ட் கப்பல் நான் இல்லாமல் போய்விட்டது. அடுத்தது எப்போது என்று கேட்டேன். எல்ஸி பெரியவளாகும்வரை நீ எங்கும் போவதில்லை, இனி அந்தப் பேச்சை எடுக்காதே என்று துரைசாணி சொல்லிவிட்டாள்.

நம் லயத்து வரிசை வீடுகளில் ஒருத்திக்கு அநியாயம் நடந்தால் என்ன செய்வாள்? செய்தவன் வாசலில் கூந்தலை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்து, மண்ணை வாரித் தூற்றுவாள். ஊர் கூடும், பெரியவர்கள் வருவார்கள், வீட்டுக்காரன் வெளியே வந்து பதில் சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரிந்த கோர்ட்டு அது ஒன்றுதான். அதையே செய்தேன். ஆனால் இந்த ஊர் முழுக்கக் கருங்கல் பாவியது, தெருவில் ஒரு பிடி மண் கிடையாது. கடைசியில் துரைசாணியின் பூந்தொட்டியைக் கவிழ்த்து அந்த மண்ணைத்தான் அள்ளித் தூற்றினேன்.

கூட்டம் நன்றாகவே கூடியது. ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. 'ஏம்மா, என்ன நடந்துச்சு' என்று கேட்கத்தான் ஓர் ஆள் இல்லை. ஒருத்தி மட்டும் வந்தாள், எல்ஸி. படியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அழாதீங்க ஆயா, நான் கொண்டை போட்டு விடறேன்" என்று என் கூந்தலை அள்ளிப் பார்த்தாள். அவள் கைக்கு அது அடங்கவில்லை.

அப்புறம் ஒரு கான்ஸ்டபிள் வந்தார். எழுந்து உள்ளே போ, போனால் விட்டுவிடுகிறேன் என்று பொறுமையாகத்தான் சொன்னார். நியாயம் கிடைக்குமுன் எழுந்தால் தோற்றதாக அர்த்தம் ஆயிற்றே, நான் எழவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போய்விட்டார்.

பொலிஸ் ஸ்டேஷனில் சார்ஜன்ட் பெயர், ஊர் எல்லாம் கேட்டு எழுதினார். புருஷன் பெயர் என்ன என்றார். நான் சொல்லவில்லை. கதிர்காமத்துச் சாமியின் பெயர் என்றேன். அவர் கதிர்காமத்தை எங்கே கண்டார்? எதையோ மறைக்கிறாள் என்று எழுதிக்கொண்டார். உங்கள் ஆயுசுக்காக அந்தக் கெட்ட பெயரையும் வாங்கிக்கொண்டேன் மாமா.

மறுநாள் கோர்ட்டு. இந்த ஊரில் அந்த மாஜிஸ்திரேட்டைப் பெய்லி என்கிறார்கள். என் மேல் குற்றம், ஊர் அமைதியைக் குலைத்தேன் என்பது. இவர்கள் சட்டம் விசித்திரமானது. எனக்கு என்ன அநியாயம் நடந்தது என்பது கேள்வியே இல்லை. யார் பயந்தார்கள் என்பதுதான் கேள்வி. அதற்கும் ஒரு சாட்சி சொன்னால் போதாதாம், இரண்டு பேர் சொல்ல வேண்டுமாம். கான்ஸ்டபிள் ஒருவர் ஆயிற்று. துரை அப்போது வீட்டில் இல்லை. துரைசாணி கோர்ட்டுப் படி ஏற மாட்டேன் என்றாள். பக்கத்து வீட்டுக் கிழவியைக் கூப்பிட்டார்கள். நான் பயப்படவில்லை, பாவமாகத்தான் இருந்தது என்று அவள் சொல்லிவிட்டாள். அதனால் எல்ஸியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

பயந்தாயா என்று பெய்லி கேட்டார். அவள் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். பயந்தேன் என்றாள். என் கூந்தலை அள்ளிய பிள்ளை, மாமா. அந்த இடத்தில் எனக்கு உயிரே போய்விட்டது.

அதைவிடப் பெரியது பின்னால் வந்தது. ஊருக்குப் போகக் கேட்கிறவளை ஏன் அனுப்பவில்லை என்று பெய்லி துரையைக் கேட்டார். அதற்குத் துரை, இவள் புருஷன் என் பங்களா விறாந்தையில் நின்று ஐந்து வருஷத்துக்குச் சம்மதித்தான், நாங்கள் கப்பல் ஏறும் முன்பே பேசி முடித்தது என்றார். உங்கள் பெயரையும் சொன்னார். அந்தக் கோர்ட்டில் எல்லோரும் உங்கள் பெயரைச் சொன்னார்கள், என்னைத் தவிர.

பெய்லி தண்டம் போடவில்லை, ஜெயிலும் இல்லை. இனி இப்படிச் செய்யாதே என்று கண்டித்து அனுப்பினார். ஒப்பந்த விஷயம் இந்தக் கோர்ட்டுக்குச் சேர்ந்ததல்ல என்றும் சொன்னார்.

துரை பொய் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பொய் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். மழையைப் பற்றி நாலு பக்கம் எழுதினாலும் படிக்கிறேன், அந்த ஒரு வரி அதில் இருந்தால் போதும்.

ராமலட்சுமி


தெமோதரை மேல்தோட்டம்,
1911 அக்டோபர் 15.

ராமலட்சுமிக்கு,

உன் கடிதம் வருமுன்பே துரை கடிதம் சின்னத்துரைக்கு வந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டு, உன் பெண்சாதி பொலிஸில் அகப்பட்டாளாமே என்று கிளாக்கர் முன்னிலையில் கேட்டார். என் முகத்தில் கரி பூசிவிட்டாய். மண் தூற்றுகிற பழக்கம் லயத்துக்காரிகளுக்குச் சரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவளுக்கு அது அழகா?

நீ கேட்டதற்கு வருகிறேன். துரை விறாந்தையில் நின்று, ஐந்து வருஷம் இருக்கட்டுமே என்று சொன்னது உண்மை. நான் தலையாட்டினேன். தலையாட்டினால் அதற்குப் பேர் சம்மதமா? துரை முன்னால் நின்று இல்லை என்று சொல்ல என் அப்பனுக்கும் வாய் வந்ததில்லை, எனக்கு எங்கிருந்து வரும்? உன்னிடம் அப்போதே சொன்னால் நீ கப்பல் ஏறியிருக்க மாட்டாய். உத்தியோகத்தைப் பற்றியும் அப்போது ஜாடையாக ஏதோ சொன்னார்தான். அதற்காகத்தான் என்று நீ நினைத்தால் அது உன் மனசு.

வேறு பெண் யாரும் என் வீட்டில் இல்லை. நான் ஒழுங்காக இருக்கிறேன். அதையும் யோசித்துப் பார். பெரிய கணக்கப்பிள்ளை மகள் என்றால் புஷ்பத்துக்கும் நாளைக்கு நல்ல இடம் அமையும்.

துரைசாணியின் காலைப் பிடித்து மன்னிப்புக் கேள். மூன்று வருஷம் சொச்சம்தான், கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். இந்த மாதிரி விஷயத்தைக் கடிதத்தில் எழுதாதே. பதுளையில் தபாலைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்று கேள்வி.

மழை இன்னும் விடவில்லை.

முருகையா


அபர்டீன்,
1911 டிசம்பர் 3.

முருகையாவுக்கு,

ஆமாம், எழுதிவிட்டேன். உறையின் மேலும் நானே எழுதப்போகிறேன். முதல் தடவை பேனா தாளில் நின்றுவிட்டது, பிறகு ஓடியது.

உங்கள் கடிதத்தை முழுவதும் படித்தேன். வேறொருத்தி இருந்திருந்தால் அழுதிருப்பேன், ஏசியிருப்பேன், அது எனக்குப் புரிந்திருக்கும். ஒரு கறுப்புக் கோட்டுக்காக என்றால் யாரைப் போய் ஏசுவது? நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தீர்கள். பண்டாரவளையில் ரயில் புறப்படும்போது ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்களே, அப்போதும் அந்தத் தலையாட்டல் உங்கள் கழுத்தில்தானே இருந்தது? துரைக்கு எழுதுகிறேன் என்று சொன்னீர்களே, அந்தக் கடிதத்தை இப்போது நான் தேடவும் இல்லை.

எல்ஸியை நான் மன்னித்துவிட்டேன். அவள் சின்னப் பிள்ளை, அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். கோர்ட்டிலிருந்து வந்த அன்றே என் மடியில் விழுந்து அழுதாள். "நான் பொய் சொல்லிட்டேன் ஆயா" என்றாள். நீங்கள் இன்னும் அப்படி ஒரு வரிகூட எழுதவில்லை.

பயப்படவில்லை என்று சொன்ன பக்கத்து வீட்டுக் கிழவியின் தம்பி மகளை அப்புத்தளையில் ஒரு துரைக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். கைக்குழந்தையோடு அவள் இந்த மாதக் கடைசியில் கப்பல் ஏறுகிறாள். வழிக்கு ஓர் ஆயா வேண்டுமாம். கிழவி என்னைச் சொல்லியிருக்கிறாள். போன பிறகும் அவர்கள் பங்களாவிலேயே எனக்கு வேலையும் இருக்க இடமும் உண்டு. துரைசாணியிடம் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை அவளுக்குத் தலைவலி வரவில்லை, போ என்றாள். பொலிஸில் அகப்பட்டவளை வைத்துக்கொள்வதைப் பற்றித் தெருவில் பேச்சாம்.

அபர்டீனில் நான் செய்த தப்பு ஒன்று உண்டு. பெய்லி சொன்ன தப்பு இல்லை. மண்ணைத் தூற்ற வேண்டிய வாசல் அது இல்லை. வாங்கியவர் வாசலில் போய் உட்கார்ந்தேன். விற்றவர் வாசல் தெமோதரையில் இருந்தது.

அதனால் தைப்பூசத்துக்கு முன்னால் வருவேன். பெரட்டுக்களத்தில் எல்லோரும் வந்து நின்று, நீங்கள் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஆள் எண்ணுகிற நேரமாகப் பார்த்து வருவேன். அங்கே மண்ணுக்குப் பஞ்சம் இல்லை. யார் பயந்தார்கள் என்று அங்கே ஒருவரும் கேட்க மாட்டார்கள். என்ன நடந்தது என்று கேட்பார்கள். ஜெயலெட்சுமி அக்கா முதலில் கேட்பாள். நான் சொல்லும்போது நீங்கள் தலையாட்டினால் போதும், அது உங்களுக்குப் பழக்கம்தானே.

விரும்பினால் பொலிஸுக்கு ஆள் அனுப்புங்கள். பதுளையிலிருந்து அவர்கள் மலை ஏறி வருவதற்குள் நான் சொல்லி முடித்திருப்பேன்.

தூற்றும்போது செய்தவன் பெயரைச் சொல்லித்தான் தூற்ற வேண்டும். இத்தனை வருஷம் சொல்லாத பெயர், வாய் தடுமாறக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதத்தில் ஒரு தடவை எழுதிப் பார்த்தேன்.

புஷ்பத்தின் துணிகளை எடுத்துக் கட்டி வையுங்கள். அவள் என்னோடு அப்புத்தளைக்கு வருகிறாள்.

ராமலட்சுமி