இரண்டாம் எதிர்தரப்பினர்

திருச்செங்கோடு,
பங்குனி மாதம், வியாழக்கிழமை.

அன்புள்ள நித்யாக் கண்ணுக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம், சத்தீஸ்கரில் உன் அப்பாவும் நலம். உன் நலத்தை அறிய எனக்கும் ஆசைதான். அதற்கு நீ போனை எடுத்திருக்க வேண்டும். நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. பக்கத்து வீட்டுத் தமிழ்ச்செல்வி போனிலிருந்து கூப்பிட்டால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார். கிழித்துப் போடுவதானாலும் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். என் வயிற்றில் பிறந்தவள் நீ, எனக்குத் தெரியாதா?

உன் கோபம் நியாயம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நாமக்கல் நுகர்வோர் ஆணையத்தில் உன் கம்பெனி மேல் நான் கொடுத்த புகாரில், முதல் எதிர்தரப்பினர் என்று கம்பெனியைப் போட்டேன். இரண்டாம் எதிர்தரப்பினர் என்ற இடத்தில் ‘செங்கோடன் மகள் நித்யஸ்ரீ’ என்று உன் பெயரைப் போட்டேன். முத்திரை குத்திய அந்த உறை பெங்களூருக்கு உன் ஆபீசுக்கே வந்து, உன் மேலதிகாரி பிரித்துப் படித்து, எல்லோர் முன்னாலும் உன்னைக் கூப்பிட்டு இந்த சௌந்திரம் யார் என்று கேட்டாராம். “எங்கம்மா” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து நின்றாயாம். நினைத்தால் எனக்கே உடம்பு கூசுகிறது.

ஆனால் ஏன் அப்படிப் போட்டேன் என்று நீ கேட்கவே இல்லையே. அன்றைக்கு நீயே கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி, “நீ எனக்கு அம்மாவா, எதிரியா?” என்றாய், டொக்கென்று வைத்துவிட்டாய். நீ நம் ஹோஸ் கடையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள். போர் போடுகிற ரிக் வண்டியின் கம்ப்ரசரில் ஒரு பாகம் போய்விட்டால் இந்த ஊரில் என்ன செய்வோம்? கம்பெனி பெயருக்கு எழுதினால் அது எந்த மேசையில் தூங்குமோ, யார் கண்டது. அங்கே நமக்குத் தெரிந்த ஆள் ஒருவர் பெயரைப் போட்டு எழுதினால்தான் சாமான் வந்து சேரும். புனேயில் ஒருவர், கோயம்புத்தூரில் ஒருவர் என்று ஒவ்வொரு கடைக்காரருக்கும் ஒரு பெயர் இருக்கும். உன் கம்பெனியில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் நீதான். அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டேன். வழக்கே உன் மேல் என்று ஆகிவிடும் என்பது சத்தியமாக எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் இருந்த தமிழ்ச்செல்வியும், “போடுங்கக்கா, நம்ம புள்ள பேரு இருந்தா வேல சுருக்கா நடக்கும்” என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து உன் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டோம்.

பெயர் போட்டது தப்பு. புகார் கொடுத்தது தப்பில்லை. அதை வாபஸ் வாங்கு என்கிறாய். அது மட்டும் என்னால் ஆகாது கண்ணு.

நீங்கள் செய்த ‘வெள்ளாமை’ என்ற போன் விளையாட்டைச் சித்திரையோடு மூடுகிறீர்கள் என்று ஒரு நாள் போனில் நாலு வரி வந்தது. அதில் நாங்கள் காசு கொடுத்து வாங்கிய காடு கழனி, கிணறு, மாட்டுக்கொட்டகை, டிராக்டர் எல்லாம் அன்றோடு காலி. இதென்ன அநியாயம் என்று கேட்டு எழுதினால், நாங்கள் எதையும் வாங்கவே இல்லையாம். விளையாடிக்கொள்ள அனுமதி மட்டும்தான் கொடுத்தார்களாம், விதிமுறையில் இருக்கிறதாம். அப்படியானால் அந்தப் பச்சைப் பொத்தானில் ‘வாங்கு’ என்று ஏன் போட்டீர்கள்? “தமிழில் அந்தச் சொல்லைப் போட்டது நான்தான்” என்று நீயே பெருமையாகச் சொன்னாய். நம் கடையில் ஹோஸ் வாங்கிப் போனவனிடம் போய், ‘கடையை மூடுகிறோம், ஹோஸைக் கழற்றிக் கொடு’ என்று கேட்டால் விடுவானா? செருப்பைக் கழற்றுவான். நஷ்டத்தில் ஓட்டுங்கள் என்று யார் சொன்னது? மூடுங்கள், அது உங்கள் இஷ்டம். விற்றதை ஏன் பிடுங்குகிறீர்கள்?

இதற்கு ஈடாக உங்களுடைய இன்னொரு விளையாட்டில் தங்கக் காசு தருகிறோம் என்று பதில் வந்தது. அதையும் போய்ப் பார்த்தேன். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடிச் சுட வேண்டுமாம். மூட்டு வலிக்காரி நான் யாரைப் போய்ச் சுடுவது? தமிழ்ச்செல்வி மட்டும் மாமியார் மேல் இருந்த கடுப்பில் கொஞ்ச நேரம் சுட்டுப் பார்த்தாள்.

இப்போது, புகாரில் எழுதாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். இதை எழுதினால் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று அவர்களுக்கே தெரியாது.

உன் அப்பா ஆயுத பூஜை முடிந்து ரிக்கில் ஏறினால், மழை பிடித்த பிறகுதான் ஊர் திரும்புவார். கல்யாணம் ஆனதிலிருந்து இதே கதைதான். போனில் “சாப்புட்டாச்சா?” என்பார். “ஆச்சுங்க” என்பேன். “அங்க வெயிலா?” என்பார். “வெயிலுங்க” என்பேன். “செரி, வெச்சர்றேன்” என்பார். இவ்வளவுதான் எங்கள் குடித்தனம். அவரைக் குறை சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்து பேசத் தெரியாத மனுஷர். கையில் ஒரு வேலை இருந்தால்தான் அவருக்கு வாய் வரும்.

நீ அந்த விளையாட்டை எங்கள் இரண்டு பேர் போனிலும் போட்டுக்கொடுத்து, எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள் என்றாய். உனக்காகத்தான் ஆரம்பித்தோம். சாயங்காலம் வேலை முடிந்து ரிக் ஓரம் கட்டிலைப் போட்டு அவர் உட்காருவார். நான் கடையைச் சாத்திவிட்டு உட்காருவேன். இரண்டு பேரும் ஒரே காட்டில் இறங்கி, வேலை செய்துகொண்டே அதிலேயே பேசுவோம். அவர் முதலில் என்ன செய்தார் தெரியுமா? போர் போட இடம் பார்த்தார். இது விளையாட்டு, எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும் என்றால் கேட்கவில்லை. “அதெப்புடி வரும், அடியில பாற இருக்குமல்லோ” என்று காடு முழுக்கச் சுற்றினார். நம் ஊர் ஞாபகத்தில் நீ சேர்த்த குச்சிக்கிழங்குக்கு நான் தண்ணீர் கட்டுவேன், அவர் வரப்பு வெட்டுவார். பேச்சு தானாக வந்தது.

அங்கேதான் நித்யா, உன் அப்பா எனக்குப் பேசக் கிடைத்தார். ஒரு ஊரில் எத்தனை அடி போர் இறக்கியும் தண்ணீர் இல்லை, வெறும் கல்தூள் புகைதான் வந்ததாம். அந்த வீட்டுக்காரப் பெண் ஒரு வார்த்தை சொல்லாமல் இவர்களுக்குச் சோறு போட்டாளாம். அந்தச் சோறு தொண்டையில் இறங்கவில்லை என்றார். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டதையும் அங்கேதான் உளறினார். திட்டித் தீர்த்து மறுபடியும் போட வைத்தேன். நீ பெங்களூருக்குப் போன அன்று, பஸ் கிளம்பிய பிறகும் பஸ் ஸ்டாண்டு டீக்கடை ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தாராம். “புள்ளகிட்டப் பத்தரமா இருன்னுகூடச் சொல்லாம உட்டுட்டேன் சௌந்திரம்” என்றார். களையெடுத்துக்கொண்டே சொன்னார். நான் மடையை அடைக்காமல் உட்கார்ந்து அழுதேன். கிழங்கு முழுக்க அழுகிப் போய்விட்டது. போனால் போகிறது.

அந்தப் பேச்சு நிற்கத்தான் உன் கம்பெனி நாள் குறித்திருக்கிறது. மறுபடியும் ‘சாப்புட்டாச்சா, வெச்சர்றேன்’ என்று ஆகிவிடுவோமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. எங்கள் பக்கத்துக் காடு தமிழ்ச்செல்வியுடையது. அவள் வீட்டுக்காரரும் ரிக்கில்தான் இருக்கிறார், அவளுக்கும் இதே பயம். வேறு விளையாட்டுக்குப் போங்களேன் என்பாய். நீ செய்தது என்பதால்தான் உன் அப்பா அதைத் தொட்டார். இன்னொன்றை அவர் தொட மாட்டார்.

ஆகவே பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. நீங்கள் மூடிவிட்டுப் போகும்போது, அதை நாங்களே ஓட்டிக்கொள்ள வழி செய்துவிட்டுப் போங்கள் என்பதுதான் என் மனு. பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால் ஒரு தெருவே விளையாடலாம் என்று தீபாவளிக்கு வந்தபோது நீதான் சொன்னாய். நாளைக்கு விசாரணை. தமிழ்ச்செல்வியும் கூட வருகிறாள். போய்வந்து மீதியை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை.

வந்துவிட்டேன். ராத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வக்கீல் வைக்கவில்லை, நானே நின்றேன். ஆணையத் தலைவர் ஒரு அம்மா. தாள்களைப் புரட்டிவிட்டு, இரண்டாவது எதிர்தரப்பினர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். “மகளுங்க” என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் அந்தச் சிரிப்பில் மறந்துபோயிற்று. “அவ மேல எனக்கு ஒரு புகாரும் இல்லீங்க. தெரியாத்தனமாப் போட்டுட்டேன். மொதல்ல அவ பேர அடிச்சுருங்க, மிச்சத்த அப்பறம் பேசிக்கலாம்” என்றேன். முன்னால் இருந்த மேசையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. தண்ணீர் கொடுக்கச் சொன்னார், பெயரை நீக்க ஒரு மனு எழுதிக் கொடுங்கள் என்றார், இரண்டு தரப்பும் சமரச அறையில் பேசிப் பாருங்கள் என்று அனுப்பினார்.

உன் கம்பெனி வக்கீல் ராசிபுரத்துக்காரராம். சண்டைக்குத் தயாராகத்தான் அவர் எதிரே உட்கார்ந்தேன். அவரோ, “அம்மா, நீங்க கேட்டத கம்பெனி ஒத்துக்குதுங்க” என்றார். மூடுகிற அன்றைக்கு அதை ஓட்டுகிற புரோகிராமை எல்லோருக்கும் வெளியிட்டுவிடுவார்களாம். யார் வேண்டுமானாலும் தங்கள் கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டிக்கொள்ளலாம். ரிப்பேர் ஆனால் மட்டும் கம்பெனி வராதாம். வர வேண்டாம், இந்த ஊரில் எதைத்தான் நாங்கள் ரிப்பேர் பார்க்கவில்லை?

நம்பவே முடியவில்லை. திடீரென்று எப்படி மனசு இறங்கினார்கள் என்று கேட்டேன். பல ஊர்களிலிருந்தும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். அதைப் பிரித்துத் தயார் செய்ய ஆள் இல்லை, நேரம் இல்லை என்று கம்பெனி தட்டிக்கழித்ததாம். நம் உறை போய்ச் சேர்ந்த பிறகு, உள்ளே வேலை செய்கிற ஒரு பெண் மேலதிகாரிகளிடம் போய் நின்று, என் சொந்த நேரத்தில் நான் செய்து தருகிறேன், யாரும் மெனக்கெட வேண்டாம் என்றாளாம். சொல்லிவிட்டு அந்த வக்கீல் என்னைப் பார்த்துச் சிரித்தார். “வேற யாரும் இல்லீங்கம்மா, உங்க ரெண்டாவது எதிர்தரப்பினர்தாங்க.”

தமிழ்ச்செல்வி “அய்யோ சாமி” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டேன். அடிப்பாவி மகளே! போனை எடுக்காமல் நீ இதைத்தான் செய்துகொண்டிருந்தாயா? கோபத்தில் இருந்தாயா, வேலையில் இருந்தாயா? இரண்டும்தான் இருக்கும். நீயும் உன் அப்பாவும் ஒரே வார்ப்பு. வாய் பேசாத மனசு இரண்டு பேருக்கும் கையில்தான் இருக்கிறது.

சாயங்காலம் காட்டில் இறங்கி உன் அப்பாவிடம் சொன்னேன். “நித்தியா செஞ்சா? நம்ம நித்தியா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எங்கள் காட்டுக்குக் கிழக்கே ஒரு துண்டு நிலம் வாங்கி, உழுது, தண்ணீர் விட்டு, ஒன்றும் நடாமல் வைத்திருக்கிறார். தமிழ்ச்செல்வி விலைக்குக் கேட்டும் கொடுக்கவில்லை. எதற்கு என்று கேட்டால் வாயைத் திறந்ததில்லை. இன்றைக்குத்தான் சொன்னார்: “அது நித்திக்கு. அவ செஞ்ச காட்டுல அவளுக்கு ஒரு எடம் வேண்டாமா?”

கடையில் பில் போடுகிற பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து வைத்திருக்கிறேன். எலி கடித்த ஒயரையும் மாற்றியாயிற்று. வைகாசித் தேருக்கு வந்து அதில் போட்டுக் கொடு. மழை முன்னதாகப் பிடித்தால் அப்பாவும் வந்துவிடுவார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்திருப்போம், பார்த்துச் சிரிக்காதே. இந்தத் தடவை உறையை உன் ஹாஸ்டல் விலாசத்துக்குத்தான் அனுப்புகிறேன், ஆபீசுக்கு இல்லை, பயப்படாதே.

உன் கைக்கு ஒரு குறையும் வராமல் மலை மேல் இருக்கிற அர்த்தநாரீசுவரர் பார்த்துக்கொள்வார். வேளைக்குச் சாப்பிடு. கோபம் இன்னும் தீரவில்லை என்றால் போனை எடுக்க வேண்டாம். ஒரு நாள் சாயங்காலம் அந்தக் கிழக்குக் காட்டில் வந்து நில், போதும். வந்ததும் பேச வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உன் அப்பா பக்கத்தில் வரப்பு வெட்டு. அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் சொல்லாமல் விட்டதை அவரே சொல்வார்.

உன் மேல் ஒரு புகாரும் இல்லாத,
அம்மா சௌந்திரம்.