‘வாரேன்’ சொல்லாத அப்பா

எல்லிஸ் நகர்,
மதுரை.
ஞாயிறு மதியம்.

அன்புள்ள தற்காலிக அப்பாவுக்கு,

நிரந்தர மகள் சுபா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். ஓசூரில் நீங்களும் நீங்கள் பார்த்துக்கொள்ளும் இருதயங்களும் நலமா? போன் போட்டால் ‘டூட்டிம்மா, அப்புறம்’ என்று கட் பண்ணிவிடுகிறீர்கள். கடிதத்தைக் கட் பண்ண முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழித்தாலும் ஒட்டிப் படிக்கிற ஆள் நீங்கள் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. ப்ளஸ் ஒன் காலாண்டுப் பரீட்சையில் இருதயம் வரைந்து நான்கு அறைகளுக்கும் பெயர் எழுதச் சொன்னார்கள். ஹால், கிச்சன், பெட்ரூம், பூட்டின ரூம் என்று எழுதினேன். டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அம்மா திட்டவில்லை. பூட்டின ரூம் எது என்று மட்டும் கேட்டாள். உங்கள் ரூம்தான், வேறு எது?

அடுத்தது காலிங் பெல். சில மாதங்களாக மதிய நேரத்தில் அது அடிக்கிறது. அம்மா போய்த் திறந்தால் வாசலில் ஆள் இல்லை. பெல்லை அடித்துவிட்டு ஓடுவதில் இந்தத் தெருவில் எனக்கு இருக்கும் புகழ் உங்களுக்குத் தெரியும். அதனால் பழி என் மேல்தான். நான் ஸ்கூலில் இருந்த நாளிலும் அடித்தது என்று தெரிந்ததும் அம்மா திட்டுவதை நிறுத்தினாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அவள் திட்டும்வரை அது நான். நிறுத்தியதும் அது யார்?

அம்மா மனசில் ஒரே பெயர்தான். வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். நீங்கள் வந்திருந்தபோது மதியத் தூக்கத்தில் முனகினீர்களே, அதே பெயர். எழுமலை முத்திருளன்.

டிஸ்சார்ஜ் ஆகிறவர்களிடம் நீங்கள் வழக்கமாக அடிக்கும் ஜோக் எனக்கு மனப்பாடம். கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்லக் கூடாது, ‘வாரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்பது ஊர் வழக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்புகிறவர் ‘வாரேன்’ என்றால் மறுபடியும் படுக்க வருகிறேன் என்று ஆகிவிடும். அதனால், ‘வாரேன்னு சொல்லாதீங்க, தைரியமா போறேன்னு சொல்லுங்க’ என்பீர்கள். வார்டே சிரிக்கும். முத்திருளன் ஐயாவும் சிரித்தார். கும்பிட்டு, ‘போறேன் டாக்டரே’ என்றார். ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து நன்றாக நடந்து போன மனிதர், கார் உசிலம்பட்டியைத் தாண்டும் முன் போயேவிட்டார். உங்கள் மேல் தப்பில்லை என்று பெரிய டாக்டர்கள் எல்லாரும் சொன்னார்கள். நீங்கள் ஒருவர்தான் சொல்லவில்லை.

அந்த வேலையை விட்டீர்கள். பிறகு கரூரில் கொஞ்ச நாள், தூத்துக்குடியில் கொஞ்ச நாள், இப்போது ஓசூர். எங்கே இருதய டாக்டர் லீவு போடுகிறாரோ அங்கே நீங்கள். எந்த நோயாளியும் உங்களிடம் இரண்டாம் முறை வருவதற்குள் ஊர் மாறிவிடுகிறீர்கள். நீங்கள் ஊர் ஊராகக் கையெழுத்துப் போடும் ‘ஒப்பந்தம்’ என்ற சொல்லுக்குள்ளே ‘பந்தம்’ இருக்கிறதே என்று தமிழ் ஐயாவிடம் கேட்டேன். பிரித்து எழுதினால் அப்படி வராது என்றார். உங்களுக்கும் வரவில்லை போல.

அதுகூடப் பரவாயில்லை. நீங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும் விதம்தான் தாங்கவில்லை. ‘போறேன்’ சொல்லப் பயம். ‘வாரேன்’ என்பதற்கும் வாய் வரவில்லை. ஒன்றும் சொல்லாமல், திரும்பியும் பார்க்காமல் இறங்கிப் போகிறீர்கள். போன தடவை உங்கள் ஷூவில் ஒன்றை அரிசி டிரம்மில் ஒளித்துவைத்தேன். தேடுவீர்கள், திட்டுவீர்கள், அந்தச் சாக்கிலாவது ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். அம்மா ஆற்றிவைத்த காப்பி மேஜையில் ஆடை கட்டிக் கிடந்தது. சாவு வீட்டிலிருந்துதான் அப்படிச் சொல்லாமல் கிளம்புவார்கள். நம் வீட்டில் யாருப்பா செத்தது?

பெல்லுக்குத் திரும்ப வருகிறேன். வியாழக்கிழமை எனக்கு லீவு. பேயைப் பயமுறுத்துவதாகத் திட்டம். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து, மணி அடித்ததும் ‘பே’ என்று கத்திக்கொண்டே திறந்தேன். படியில் இறங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முத்திருளன் ஐயாவின் மனைவி, இருளாயி.

உங்களிடம் உடம்பைக் காட்ட எழுமலையிலிருந்து பஸ் ஏறி வந்து பெல்லை அழுத்துவாராம். தன்னைப் பார்த்தால் உங்களுக்குத் தன் வீட்டுக்காரர் ஞாபகம் வந்துவிடுமே என்று உடனே பக்கத்து வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கிக்கொள்வாராம். நாலு எட்டு வைத்தால் அவருக்கு மூச்சு வாங்குகிறது. இருதய வால்வு சுருங்கியிருக்கிறது, சீக்கிரம் நிபுணரிடம் காட்டுங்கள் என்று உசிலம்பட்டியில் சொல்லியிருக்கிறார்கள். இவர் போகவில்லை. ஏன் என்று அம்மா கேட்டதற்கு, ‘எழவு வீட்டுக்கு வந்து அழுத டாக்டரு அவரு ஒருத்தருதேன். வேற ஆளுகிட்டக் காட்ட மாட்டேன்’ என்றார்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. அந்தப் ‘போறேன்’ விஷயத்தைச் சொல்லி, அதனால்தான் அப்பா வீட்டில் தங்குவதில்லை என்றேன். இருளாயி அம்மா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, ‘அட கூறுகெட்ட மனுசா! என்னையக் கட்டுன நாள்ல இருந்து காட்டுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் அந்தாளு போறேன்னுதேன் சொல்லும். வாரேன்னு ஒருநாளும் வாயில வந்ததில்ல. டாக்டரு சொல்லிக் குடுத்தா சொல்லுச்சு? அம்புட்டுச் சொல்பேச்சுக் கேக்குற ஆளா அது?’ என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் மூச்சிரைப்பாக மாறியது. உதடு வெளுத்துப்போனது. அம்மா நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள். நான் விசிறிக்கொண்டு நின்றேன். அப்பா, நான் அவரை இனிமேல் சிரிக்க வைக்க மாட்டேன்.

அவர் ஹாலில் உட்கார்ந்திருக்கும்போதே காலிங் பெல் ஒருமுறை அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. ‘காத்தா இருக்கும் தாயி’ என்றார் இருளாயி அம்மா. காலிங் பெல்லைக் காற்று அடிக்குமா? நான் கேட்கவில்லை. அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இனி என் வேலை. வீட்டுக் கம்ப்யூட்டரில் உங்கள் மெயில் திறந்தே கிடக்கிறது. உசிலம்பட்டியில் ஒரு மருத்துவமனையில் இருதய டாக்டர் பிரசவ லீவில் போகிறாராம், அவர் திரும்பும்வரை பார்க்க ஆள் தேவை என்று வந்திருந்தது. நீங்களே அனுப்பியது மாதிரி உங்கள் பயோடேட்டாவை நம் வீட்டு போன் நம்பர் போட்டு அனுப்பிவிட்டேன். அந்த மருத்துவமனை மேனேஜர் சூரியபிரகாஷ் போனில் கூப்பிட்டார். ‘டாக்டரின் செகரட்டரி பேசுறேன்’ என்று குரலைத் தடிமனாக்கினேன். ‘சார் எம்புட்டு நாள் இருப்பாரு?’ என்று கேட்டார். ‘அதைத்தான் நாங்களும் கேட்டுக்கிட்டிருக்கோம்’ என்றேன். நீங்களே பேச வேண்டுமாம், நம்பர் கவரின் பின்பக்கம் இருக்கிறது. முதல் டோக்கன் இருளாயி அம்மாவுக்கு என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். நீங்கள் பார்க்கும்வரை வேறு டாக்டரிடம் காட்டச் சொல்லி அம்மா கெஞ்சிப் பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டார். அந்த ஆட்டலுக்கு ‘மாட்டேன்’ என்று அர்த்தம், உங்களுக்கே தெரியும்.

தற்காலிக வேலைதான் அப்பா, பயப்படாதீர்கள். ஆனால் நீங்கள் படித்த படிப்பிலேயே முதல் இரண்டு எழுத்து என்ன சொல்கிறது என்று பாருங்கள். இருதயம். இரு.

‘போறேன்’ வேண்டாம், ‘வாரேன்’ வேண்டாம், ஒன்றும் சொல்ல வேண்டாம். வந்து பெல்லை அழுத்துங்கள். அழுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்ளாமல் வாசலிலேயே நில்லுங்கள். வியாழக்கிழமைக்குப் பிறகும் மணி அடிக்கிறது, நான் போய்ப் பார்ப்பதில்லை. அம்மா மட்டும் ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்த் திறக்கிறாள். அந்த வாசலில் ஒரு தடவையாவது ஆள் நிற்க வேண்டும் அப்பா.

இப்படிக்கு,
உங்கள் ஒற்றை ஷூவுக்காக அரிசி டிரம்மைக் காவல் காக்கும்,
சுபலட்சுமி சிவக்குமார்