ஆறில் இருந்த திருகு

யாவாத்தஹாமா, நவம்பர் 18

அன்பு மருமகள் மினாஹோவுக்கு உன் மாமா தொகுஜி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மூச்சோடும் நல்ல பசியோடும் இருக்கிறோம், அந்தக் கனடாக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நடந்ததெல்லாம் நான் அன்றைக்கே சொன்னதுதான். அந்த மின்சாரச் சக்கர நாற்காலி வாசலில் வந்து இறங்கியபோதே, இந்த ஊர் இறக்கத்துக்கு இது சரிப்படாது, ஒருநாள் வாய்க்காலில்தான் போய் நிற்கும் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். எட்டாவது படித்தவன் பேச்சு யார் காதில் ஏறுகிறது?

நீ பயப்படாதே, அம்மாவுக்கு முழங்காலில் சிராய்ப்புதான். போன செவ்வாய் காலை வழக்கம்போல ஆரஞ்சு தரம் பிரிக்கிற கொட்டகைக்குக் கிளம்பினாள், நானும் பக்கத்திலேயே நடந்தேன். கோயில் வளைவில் ஹிராகாவா அம்மா எதிரே வந்து, தன் மருமகளுக்கு இரட்டைக் குழந்தை பிறந்திருக்கிறது என்றாள். இவ்வளவு நல்ல செய்திக்குத் தலையை மட்டும் ஆட்டினால் போதுமா? உன் அம்மா வண்டியில் இருப்பதையே மறந்து இடுப்புவரை குனிந்தாள், கைப்பிடியில் இருந்த விரல் ஓட்டுகிற நெம்புகோலை அமுக்கிவிட்டது. அமுக்கினால் ஓடும், விட்டால் நிற்கும், அவ்வளவுதான் அந்த வண்டி. ஹிராகாவா பதிலுக்கு இன்னும் ஆழமாகக் குனிந்தாள், இவள் அதற்கும் ஒரு படி மேலே. இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்க வண்டி தன் பாட்டுக்குக் கிளம்பிவிட்டது. வேகத் திருகு வேறு ஆறில் இருந்தது. மணிக்கு ஆறு கிலோமீட்டர் என்றால் விறுவிறுவென்று நடக்கிற வேகம்தான், ஆனால் அந்த இறக்கத்தில் எனக்கு அது புல்லட் ரயிலாகத் தெரிந்தது. நான் வழியோரம் அடுக்கியிருந்த ஆரஞ்சுப் பெட்டிகளைத் தாண்டிப் புலி மாதிரி பாய்ந்தேன், அதற்குள் முன்சக்கரம் வாய்க்காலில் இறங்கிவிட்டது. உன் அம்மாவோ, டேய் தொகுஜி, கத்தாதடா, ஹிராகாவா அம்மா இன்னும் குனிஞ்சே நிக்குறாங்க, முதல்ல அவங்கள நிமிரச் சொல்லு என்கிறாள்.

அன்று மாலையே, வண்டியை நமக்குக் கொடுத்திருக்கிற முதியோர் பராமரிப்பு அலுவலர் நோகாமி வந்து, திருகை யாருங்க ஆறுல வச்சது என்று கேட்டார். அக்காதான், நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் என்றேன். எண்பத்திரண்டு வயதில் வேகத்தைக் கணிக்க முடியவில்லை என்று அவர் எழுதிக்கொண்டார். மாதக் கடைசியில் வண்டியைத் திருப்பி எடுக்கிறார்கள். அதற்குக் குடும்பத்தார் சம்மதம் வேண்டுமாம், படிவம் உனக்கு வரும். வந்ததா? வந்ததும் எனக்குப் போன் செய்.

என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இந்தக் கடிதத்துக்கு நடுவில் நாலு முறை எழுந்து வாசலுக்குப் போய் வந்துவிட்டேன். வண்டி மூடி போட்டு நிற்கிறது. மூன்று வருடம் சன்னலோரமே கிடந்தவள், அது வந்த பிறகுதான் வாயைத் திறந்து சிரித்தாள். கொட்டகையில் அவள் இடத்தில் வேறு யாரையும் உட்கார வைக்கவில்லையாம். இப்போது, போனா போகட்டும்டா, எனக்கு டீவி போதும் என்கிறாள். அவள் அப்படிப் பேசுகிறவளா, நீயே சொல். நீ வேளைக்குச் சாப்பிடு, பனியில் வழுக்காத செருப்பாகப் பார்த்து வாங்கு, நூறு வருடம் நன்றாக இரு.

கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தேன், ஓடவில்லை. மினாஹோ, அந்தப் படிவத்தில் நீ கையெழுத்துப் போடாதே. உன் அம்மா ஒருநாளும் திருகை இரண்டுக்கு மேல் வைத்ததில்லை. அந்த ஆமை வேகத்தைப் பார்த்து, என்ன தொகுஜி, அக்கா வண்டிக்குப் பின்னால ஊர்வலமா என்று மீன் சந்தைப் பயல்கள் சிரித்தார்கள். அந்த வெட்கத்தில்தான் அன்று காலை வண்டியைத் துடைக்கும்போது ஆறுக்குத் திருப்பி வைத்தது நான், அவளிடம் சொல்லவும் இல்லை. நோகாமியிடம் நான் பழியைப் போட்டபோது அவள் பக்கத்தில்தான் இருந்தாள். என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு, எம்மேலதான் தப்பு, மன்னிக்கணும் என்று அவருக்குக் குனிந்தாள்.

உன் மாமா
தொகுஜி