சிக்னலில் தானாக நிற்கும் கார்

சிட்லபாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் முகிலனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, கார் மூவரும் சுகம். கார் மட்டும் போன வாரம்தான் சுகமானது. டொராண்டோவில் நீயும் தமிழினியும் எப்படி இருக்கிறீர்கள், குளிர் வந்தால் மருமகளுக்கு மூக்கடைத்துக்கொள்ளும், ஆவி பிடிக்கச் சொல். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு நான் சொல்வதையெல்லாம் திருத்துகிறார், அதனால்தான் கடிதம்.

நீ வாங்கிக் கொடுத்த கார் சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக அணைந்து, கிளட்சை மிதித்தால் தானாகக் கிளம்புகிறதே, அது உன் அப்பாவுக்கு முதல் நாளிலிருந்தே ஆகவில்லை. இப்படிச் சும்மா சும்மா நின்று கிளம்பினால் எஞ்சின் தேய்ந்துவிடுமாம். பெருங்களத்தூர் போவதற்குள் பதினோரு தடவை அணைகிறது என்று காலண்டர் தாளின் பின்னால் எழுதி, அதை வருஷத்துக்குப் பெருக்கி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தார். வண்டியில் ஏறியதும் சாமி கும்பிடுவதற்கு முன்னால், எஞ்சின் தானாக அணைவதைத் தடுக்கும் பொத்தானை அமுக்குவார். அது போதாதென்று வண்டியை வெளியே எடுப்பதையே குறைத்து, உறை போட்டு மூடி வைத்துவிட்டார். நான் ஐம்பத்தெட்டு வயதில் லைசன்ஸ் எடுத்து எட்டு மாதம் ஆகிறது, சாவியைக் கண்ணில் காட்டவில்லை. கேட்டால், காரே பாதி நேரம் நின்றுவிடுகிறது, மீதி நேரம் நீ கிளட்சைப் படக்கென்று விட்டு நிறுத்திவிடுவாய், எஞ்சின் என்னத்துக்கு ஆகும் என்பார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. நீ ஊருக்கு வரும்போது ஏர்போர்ட்டிலிருந்து உன்னை நானே ஓட்டிக் கூட்டி வரவேண்டும் என்றுதானே அந்த லைசன்ஸையே எடுத்தேன், நீயோ டாக்ஸி சொல்லியாச்சு என்கிறாய்.

போன மாதம் ஒருநாள் அவர் பொத்தானை அமுக்க மறந்துவிட்டார், ஆனாலும் சிக்னலில் எஞ்சின் அணையவே இல்லை. அடுத்த தடவையும் அப்படியே. மனிதருக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! முப்பத்து மூன்று வருஷமாக உன்னைத் திருத்த முடியவில்லை, கார் ஒரே வருஷத்தில் திருந்திவிட்டது பார் என்று என்னிடம் சொன்னார். திருந்திய கார் செவ்வாய்க்கிழமை காலையில் டிக் டிக் என்றதோடு சரி, கிளம்பவே இல்லை. கேம்ப் ரோடு மெக்கானிக் துளசிங்கம் வந்து பார்த்தார். சூடா கீற எஞ்சின் நின்னு கெளம்பறதுல பெர்சா ஒண்ணியும் தேயாது சார், ஸ்டார்ட்டரு, பேட்டரி எல்லாம் அதுக்குன்னே கெட்டியா வெச்சிக்கீறான், நீங்க மூடிப்போட்டு வெச்சீங்க பாரு, அதான் பேஜாரு, பேட்டரி வீக்காயிட்ச்சி, அதான் சிக்னல்ல அணையறதையே வுட்டுட்ச்சி என்றார். அது திருந்தவில்லையடா, உடம்புக்கு முடியாமல் கிடந்திருக்கிறது! சிரிப்பை அடக்க முடியாமல் நான் சமையலறைக்கு ஓடினேன். புது பேட்டரி மாட்டிவிட்டு, தெனிக்கும் அரை மணி ஓட்டணும், சாருக்கு மனசு வராது, அம்மாகிட்டதான் லைசென்ஸ் கீதே என்றும் சொன்னார். அவருக்கு இன்னொரு டம்ளர் காபி கொடுத்தேன். அப்பா சாவியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் எடுத்துக்கொண்டேன்.

நேற்று கூட்டம் இல்லாத நேரம் பார்த்துச் சேலையூர் வழியாகப் பெருங்களத்தூர் வரை போய் வந்தேன். அப்பா பக்கத்து சீட்டில், இரண்டு கையாலும் பெல்ட்டைப் பிடித்தபடி. ஐந்து இடத்தில் எஞ்சின் நின்றது, ஐந்து தடவையும் அவர் கை பொத்தானுக்குப் போனது, ஐந்து தடவையும் தட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே கோகிலா, நீ ஒரு தடவைகூட நிறுத்தவில்லை, எல்லாம் கார்தான் என்றார். அவர் வாயிலிருந்து பரவாயில்லை வந்து எத்தனை வருஷம் ஆயிற்று, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இருவரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். மறக்காமல் டாக்ஸியை ரத்து செய். பதினைந்தாம் தேதி காலை மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் நான் வண்டியோடு நிற்பேன்.

உன் பிரியமுள்ள அம்மா,
கோகிலவாணி மோகன்ராஜ்

பி.கு.: அந்த ஐந்தில் இரண்டு நான் நிறுத்தியது. கிளட்சை மிதித்ததும் அதுவும் கிளம்பிவிட்டது. அப்பாவிடம் மூச்சு விடாதே.