ஊசி போட்ட கை

புதூர்நாடு
4.8.1983

அன்புள்ள அம்சவல்லிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீ அச்சுக் கோக்கும் பத்திரிகை வந்தது. என் கதையின் முடிவை யாரைக் கேட்டு மாற்றினாய்?

நான் எழுதியது என்ன? கெட்டவர்களுக்கெல்லாம் அரசாங்கமே ஊசி போடுகிற ஒரு காலம். அதன் பிறகு அடிக்க ஓங்கினால் கை மரத்துப்போகும். அப்படி நல்லவனாக்கப்பட்ட ஒருவன், தன் கை தனக்கே சொந்தமில்லை என்று கடைசியில் அழுகிறான். நீ அச்சடித்ததிலோ டாக்டர் காலைத் தொட்டுக் கும்பிடுகிறான்! வெட்கமாக இல்லை?

இந்த மலையில் தப்புச் செய்தவனை யாரும் பிடித்து வருவதில்லை. போன மாதம் ராஜாக்கண்ணு பெண்டாட்டியை அடித்துவிட்டான். ஊரே ஏர் பூட்டாமல் மூன்று நாள் புளியமரத்தடியில் காத்திருந்தது. நாலாம் நாள் அவனாக வந்து சபையில் விழுந்தான். “நம்ப போயி இஸ்துகினு வந்தா, அது அவன் வந்ததா ஆவுமா?” என்றார் ஊர்க்கவுண்டர். அதுதான் என் கதை. அடுத்த இதழில் என் முடிவைப் போடு. இல்லாவிட்டால் இனி எனக்குக் கடிதம் எழுதாதே.

சம்பூர்ணம்

திருப்பத்தூர்
9.8.1983

சம்பூர்ணம்,

உன்னைக் கேட்காதது தப்பு. மாற்றியதற்காக வருந்தவில்லை.

டீச்சர் டிரெயினிங்கில் நீ பார்த்த அம்சா வேறு. இப்போது நான் முழுக்கை ரவிக்கை போடுகிறேன். ஏன் என்று நீ கேட்டதே இல்லை. உன் கதையைக் கோத்த அன்று அச்செழுத்து அடுக்கும் ஸ்டிக்கை என் இடது கையால் பிடிக்க முடியவில்லை. மடியில் வைத்து எழுத்துக் கோத்தேன். அப்படி ஓர் ஊசி கிடைத்தால் என் வீட்டுக்காரரின் விருப்பத்தைக் கேட்க மாட்டேன். நானே போடுவேன்.

அவன் மனசு மாற ஊரே உட்கார்ந்திருந்ததாம்! அடிபட்டவள் அந்த மூன்று நாளும் எங்கே இருந்தாள், சாப்பிட்டாளா என்று உன் கடிதத்தில் ஒரு வரி உண்டா? நீயெல்லாம் ஒரு பெண்ணா?

அம்சவல்லி

புதூர்நாடு
14.8.1983

அன்புள்ள அம்சா,

உன் வீட்டுக்காரர் மேல் வந்த ஆத்திரத்தைவிட என் மேல் எனக்கு வந்த ஆத்திரம் பெரிது.

அந்த அடிபட்டவளைத் தேடிப் போனேன். பெயர் செல்லியம்மாள். அதைக்கூட நான் உனக்கு எழுதவில்லை. முதல் நாளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனவள், இன்னும் திரும்பவில்லை. அவன்தான் சபையில் விழுந்தானே என்றேன். சாமை புடைத்துக்கொண்டே சொன்னாள்: “அவுரு அவுராத்தான் வந்தாரு. நானும் நானாத்தான் போனேன். ஊரு ஏத்துக்கிச்சுன்னா ஊரே வெச்சிக்கட்டும்.”

அவன் கையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். அது யார் மேல் விழுந்தது என்று எழுதவில்லை. இரண்டு முடிவும் வேண்டாம், அம்சா. நீ ஊசிக்கும் காத்திருக்காதே, அவர் திருந்தவும் காத்திருக்காதே. இங்கே வந்துவிடு. என்னால் கூப்பிடத்தான் முடியும்.

உன் சம்பூர்ணம்

திருப்பத்தூர்
19.8.1983

சம்பூர்ணம்,

உன் மேல் கோபம் தீரவில்லை. இத்தனை வருஷம் கேட்காததற்கு நேரில் சண்டை போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். ஸ்டிக்கை எடுத்துக்கொண்டேன், அது என் அப்பா வாங்கித் தந்தது.

பஸ் நிற்கும் இடத்துக்கு வராதே. வழி கேட்டு நானே வருவேன்.

அம்சா